சின்ன ஆற்றுக்கு எந்த நரம்பு?

தூண்டில் போட ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவர் முதலில் ராடைப் பார்ப்பார். அடுத்து ரீல். கொண்டுபோன காசு அதிலேயே கரைந்துவிடும். கடைசியில், "அண்ணா, நரம்பு ஏதாவது ஒண்ணு குடுங்க" என்பார். கடைக்காரரும் வாசலில் தொங்குகிற சுருள்களில் ஒன்றை உருவிக் கொடுத்துவிடுவார். மீனுக்கும் நமக்கும் நடுவில் இருக்கப்போவது அந்த 'ஏதாவது ஒண்ணு'தான். ராடு சுமாராக இருந்தாலும் மீன் கரையேறும். நரம்பு சுமாராக இருந்தால் மீன் முள்ளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

அதற்காக விலை கூடிய நரம்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துத் தண்ணீருக்குச் சில நூறு ரூபாயில் காரியம் முடியும். எந்தத் தண்ணீருக்கு எது என்று தெரிந்திருந்தால் போதும்.

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். மேட்டூர் அணையிலிருந்து டெல்டாவுக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். அணைக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும். ஓரமெல்லாம் நாணலும் ஆகாயத்தாமரையும். கதவணைக்குக் கீழே போனால் கதையே வேறு. கரும்பாறையும் குண்டுக்கல்லும் நிறைந்த ஓட்டம். இன்னும் தெற்கே ஜேடர்பாளையத்தில் பிரிகிற ராஜவாய்க்கால் பரமத்திவேலூர் பக்கம் வாழைக்கும் வெற்றிலைக்கும் பாய்கிறது. அங்கே மண் கரை, சேற்றுத் தரை, மெதுவான ஓட்டம். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் சரபங்கா, ஆத்தூர் வழியாகப் போகும் வசிஷ்ட நதி இரண்டும் மழைக்காலத்து ஆறுகள். மற்ற நாளில் அங்கங்கே குட்டைதான். திருமணிமுத்தாறும் காவிரியில்தான் சேர்கிறது என்றாலும், சேலம் நகரத்துச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து வரும் அந்தத் தண்ணீரில் தூண்டில் போடச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

ஆக, பாறை, பாசி, வாய்க்கால் என்று மூன்று வகை. இதில் கிடைக்கும் மீன்கள் எவை? அதிகமும் ஜிலேபிதான். 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட மீன். இன்று அது இல்லாத குட்டை இல்லை. அரைக் கிலோ தேறினாலே பெரிய ஜிலேபி. கெளுத்தி, ஆரால், சேல் கெண்டை எல்லாம் பெரும்பாலும் கையடக்கம். விரால் ஒரு கிலோ, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அணையிலும் கதவணைத் தேக்கத்திலும் கட்லா, ரோகு ஐந்து கிலோவைத் தாண்டியும் வரும். ஆனால் சனி, ஞாயிறு தூண்டில் பிடிப்பவரின் கூடையில் விழுவது பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். இதற்குப் போய் '20 கிலோ தாங்கும்' என்று போட்ட நரம்பை வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

தடித்த நரம்பு பத்திரம் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. நரம்பு தடித்தால் தக்கை சரியாக நிற்காது. சின்ன ஈயத்தை வைத்துத் தூரமாக வீச முடியாது. ரீலிலிருந்து சுருள் சுருளாக எழும்பி நிற்கும். ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம், நரம்பு வில்லாக வளைந்து தக்கையைக் கரைக்கே இழுத்து வந்துவிடும். ஜிலேபி இரையை வாயில் வாங்கி, ஏதோ இடிக்கிறது என்று தெரிந்ததும் துப்பிவிடும்.

சுருளின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கிலோ, இன்னொன்று மில்லிமீட்டர். நீங்கள் பார்க்க வேண்டியது மில்லிமீட்டரை. கிலோ கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விலை குறைந்த சுருள்களில் அது பெரும்பாலும் ஆசைக் கணக்கு. ஒரே தடிமன் உள்ள இரண்டு சாதாரண நைலான் நரம்புகளில் ஒன்றில் 5 கிலோ என்றும் மற்றதில் 9 கிலோ என்றும் போட்டிருந்தால், இரண்டாவதில் நைலான் வேறு ஒன்றும் இல்லை, அச்சடித்தவர் கை தாராளம், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். இரண்டு மீட்டர் நரம்பை வெட்டிப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஒரு முனையைக் கொல்லையில் இருக்கும் வழவழப்பான பைப்பில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நுனியை மட்டும் ஒட்டுநாடாவால் பிடித்துவிடுங்கள். மறுமுனையையும் அதேபோல வாளியின் கைப்பிடியில் சுற்றுங்கள். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கட்டும். இனி லிட்டர் செம்பால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது செம்பில் அறுகிறதோ அதுதான் உண்மையான கிலோ. அதே சோதனையை, கைப்பிடியில் சுற்றாமல் நீங்கள் வழக்கமாக முள்ளுக்குப் போடும் முடிச்சைப் போட்டுச் செய்து பாருங்கள். இப்போது முடிச்சில் அறும், அதுவும் முன்பைவிடச் சில செம்புகள் குறைவாகவே. நூல் கட்டுகிற மாதிரி வெறும் சுருக்கு முடிச்சு போட்டவருக்கு நரம்பின் பலத்தில் பாதி முடிச்சிலேயே போய்விட்டது என்று தெரியும்.

ஊற வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நைலான் தண்ணீரைக் குடிக்கும். ஊறிய நைலான் காய்ந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பலம் குறைந்திருக்கும். மீன் மாட்டுவது ஊறிய நரம்பில்தானே.

முடிச்சைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, அதே நரம்பின் மேல் ஐந்தாறு முறை முறுக்கி, நுனியை முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு வளையத்தில் விட்டு, அப்படி விட்டதால் உண்டான பெரிய வளையத்திலும் ஒருமுறை விட்டு இழுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்துவது அவசியம். ஈரமில்லாமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் வெந்து, அந்த இடம் வெள்ளை பூத்துச் சுருண்டு நிற்கும். அப்படிச் சுருண்ட முடிச்சை நம்பாதீர்கள், வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

நைலான் ஒற்றை இழைதான் நம் ஊருக்கு அடிப்படை நரம்பு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், முடிச்சு நன்றாகப் பிடிக்கும். அதன் பெரிய குணம் இழுபடுவது; அறுவதற்குள் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீளும். மீன் திடீரென்று பாயும்போது அந்த அதிர்ச்சியை நரம்பே வாங்கிக்கொள்ளும். ராடு வளைந்து கொடுக்க, ரீலின் ட்ராக் எனும் பிடிமானம் சற்று விட்டுக்கொடுக்க, மூன்று கிலோ தாங்கும் நரம்பில் ஐந்து கிலோ கட்லாவையும் களைக்க வைத்துக் கரைக்குக் கொண்டுவரலாம். தண்ணீருக்குள் மீனுக்கு எடையே இல்லாத மாதிரிதான். கரைக்கு வந்தபின் நரம்பைப் பிடித்து அலாக்காகத் தூக்குகிறோமே, அங்கேதான் பெரும்பாலும் அறுகிறது. கைவலை ஒன்று கூட வைத்திருப்பவருக்குத் தடித்த நரம்பு வாங்க வேண்டிய தேவையே வராது.

தடிமன் கணக்கு இப்படி: வாய்க்காலிலும் குட்டையிலும் தக்கை கட்டி மண்புழுவோ மைதா உருண்டையோ போட்டு ஜிலேபி பிடிக்க 0.20 மில்லிமீட்டர் போதும். எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று வேண்டும் என்பவருக்கு 0.25. கதவணைக்குக் கீழே பாறை இடுக்கில் ஈயம் போட்டுக் கெளுத்திக்குக் காத்திருப்பவர் 0.35 எடுத்துக்கொள்ளலாம். அங்கே எதிரி மீன் அல்ல, கல். தேக்கத்தில் புண்ணாக்கு உருண்டை போட்டு கட்லாவுக்கு உட்காருபவருக்கும் அதே 0.35 சரிப்படும். அதற்கு மேல் ஆற்றுக்குத் தேவையில்லை.

நைலானின் குறை, வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு இழை உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போகும். வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் கடை வாசலில் மாதக்கணக்கில் தொங்கிய சுருளை இதனால்தான் வாங்கக் கூடாது என்கிறேன். உள்ளே அட்டைப்பெட்டியில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு பைக் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். அடிக்கடி போகிறவர் வருடத்துக்கு இரண்டு முறையாவது நரம்பை மாற்ற வேண்டும். ஆயிரம் ரூபாய் நரம்பை மூன்று வருடம் வைத்திருப்பவரைவிட, நூறு ரூபாய் நரம்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர் அதிக மீன் பிடிப்பார். முழுச் சுருளையும் மாற்றக்கூட வேண்டாம். ரீலின் அடியில் பழையது கிடக்கட்டும். மேலே ஐம்பது, அறுபது மீட்டர் புதியதை முடிந்து சுற்றினால் போதும். நம் ஆற்றில் அதற்கு மேல் நரம்பு வெளியே போகாது.

விரால் பிடிப்பவருக்குத்தான் வேறு நரம்பு வேண்டும். அமெரிக்காவில் சின்ன ஆறுகளில் பாஸ் என்ற மீனைத் துரத்துவதற்கென்றே தனி நரம்பு, தனிக் கருவி என்று பெரிய வியாபாரம் நடக்கிறது. நமக்கு அந்த இடத்தில் இருப்பது விரால். பாசிக்குள் அசையாமல் பதுங்கியிருந்து, மேலே தவளை தத்திப் போனால் 'பொளக்' என்று வாரிக்கொண்டு அடுத்த நொடி ஆகாயத்தாமரை வேருக்குள் புகுந்துவிடும். இழுபடுகிற நைலான் அங்கே செல்லாது. நீங்கள் சுண்டுவதற்குள் மீன் வேரில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே வேண்டியது பின்னல் நரம்பு. கடையில் 'பிரெய்டு' என்று கேட்க வேண்டும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது, கிட்டத்தட்ட நீளவே நீளாது, அதே தடிமனில் நைலானைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். தண்ணீரில் மிதக்கும் என்பதால் ரப்பர் தவளையைப் பாசி மேல் இழுக்கவும் தோது. 0.25 மில்லிமீட்டர் அளவில், நான்கு இழைப் பின்னலாக வாங்குங்கள். எட்டு இழை வழவழப்பாக இருக்கும், தூரம் போகும், விலையும் கூடும். பாசியை அறுத்துக்கொண்டு வர நான்கு இழையின் சொரசொரப்பே நல்லது. இந்த ஒரு இடத்தில் மலிவும் பொருத்தமும் ஒன்றாக அமைகின்றன.

ஆனால் அதே பின்னலைக் கதவணைக்குக் கீழே பாறைக்குக் கொண்டுபோனால் கல் விளிம்பில் ஒரு உரசு, அவ்வளவுதான். மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து பஞ்சாகிவிடும். அங்கே போவதானால் முன்னால் ஒரு மீட்டர் 0.40 நைலானை முடிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, பின்னலை ரீலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுற்றும்; முதலில் சில மீட்டர் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் சுற்ற வேண்டும். சிக்கிக்கொண்ட நரம்பை வெறுங்கையில் சுற்றி இழுக்காதீர்கள். விரல் அறுபடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

விரால் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் பெரிய விரால் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியிலேயே காவல் நிற்கும். கூட்டத்தின் நடுவில் தவளையைப் போட்டால் பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் கடிக்கும். எளிதான மீன்தான். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். அடுத்த வருடம் அந்தக் குட்டையில் விரால் இருக்காது. இந்த வேலை எனக்குப் பிடிப்பதில்லை.

ஃபுளோரோகார்பன் என்று ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்பார். நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் செம்மண் கலந்து காபி நிறத்தில் ஓடும் வாய்க்காலில் எந்த நரம்புதான் தெரியப்போகிறது? அணை மூடி, தை, மாசியில் தண்ணீர் தெளிந்த பிறகு வேண்டுமானால் முன்னால் ஒரு மீட்டர் கட்டிப் பார்க்கலாம். ரீல் முழுவதும் சுற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

இப்போது ஃப்ளை நரம்புக்கு வருவோம். வீடியோ பார்த்துவிட்டு இதைக் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளையில் முள்ளின் மேல் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரி செய்வதால் அதற்கு எடையே இல்லை. எடை நரம்பில்தான். நடுவில் ஒரு இழை, மேலே தடித்த பிளாஸ்டிக் பூச்சு. வீசும்போது அந்த நரம்பே சாட்டையாக விரிந்து பூச்சியைக் கொண்டுபோய் வைக்கும். இந்த எடையைத்தான் 5, 6, 7 என்று எண் போட்டு விற்கிறார்கள். முன்பக்கத்து 30 அடியின் எடைக் கணக்கு அது: 5-ஆம் எண் சுமார் 9 கிராம், 6 சுமார் 10.4, 7 சுமார் 12. ராடில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதே எண் நரம்பு வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இது புதிதல்ல. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் கலை பற்றிப் புத்தகம் போட்டார். 1887-ல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொன்று. நீலகிரியில் டிரவுட் மீனை வளர்க்க 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் வைத்ததும் வெள்ளைக்காரர்களின் இந்த ஃப்ளை மோகத்தால்தான். அன்றைய நரம்பு பட்டு நூல். எண்ணெய் பூசிப் பூசி மிதக்க வைக்க வேண்டும்.

நீலகிரிக்குப் பொருந்துவது சேலத்துக்குப் பொருந்தாது என்பதை வாங்கும் முன் மனதில் வையுங்கள். மலிவாகக் கிடைக்கும் ஃப்ளை நரம்புகள் பெரும்பாலும் குளிர்ந்த நீருக்கானவை. குளிரில் விறைக்காமல் இருக்க மென்மையாகச் செய்திருப்பார்கள். நம் பங்குனி வெயிலில் அவை இன்னும் மெத்தென்றாகி, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, வீசினால் பாதி தூரத்தில் தொப்பென்று விழும். வாங்குகிறவர் தன் கை சரியில்லை என்று நொந்துகொள்வார். உறையில் வெப்ப மண்டலத்துக்கானது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நரம்பு சற்று விறைப்பாக இருக்கும். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் 5, விராலுக்குப் பெரிய தவளைப் பூச்சி கட்டுவதால் 7. மிதக்கும் நரம்பே போதும். இன்னொரு சிக்கனம், இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலியும் 'டபுள் டேப்பர்' நரம்பு. ஒரு முனை தேய்ந்து வெடித்ததும் கழற்றித் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். ஒரு விலையில் இரண்டு நரம்பு. பெரிய பூச்சியைத் தூக்கிப்போட முன்பாரம் கூடிய நரம்பு கொஞ்சம் மேல்தான் என்றாலும், முப்பது அடிக்குள் வீசும் நம் வாய்க்காலுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. முன்னால் கட்டும் மெல்லிய நரம்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள். 0.40, 0.30, 0.20 நைலானில் ஒவ்வொரு மீட்டர் வெட்டி வரிசையாக முடிந்தால் அதுவே லீடர்.

இவ்வளவுக்குப் பிறகும் நல்ல ஃப்ளை நரம்பு ஆயிரங்களில்தான் வரும். ஆசையை விடவும் மனமில்லை, செலவழிக்கவும் மனமில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. ஜப்பானில் மலை ஓடைகளில் ரீலே இல்லாமல், கம்பு நுனியில் நரம்பைக் கட்டி, அதில் இறகுப் பூச்சியைக் கட்டிப் பிடிக்கிறார்கள். டென்காரா என்று பெயர். நம் மூங்கில் தூண்டிலும் அதே அமைப்புதான், பூச்சிக்குப் பதிலாகப் புழு கட்டுகிறோம். மெல்லிய பத்தடி மூங்கில் நுனியில் கம்பின் நீளத்துக்கு 0.35 நைலான், அதன் முனையில் ஒரு மீட்டர் 0.20, கடைசியில் சின்ன முள்ளில் இறகு. நாமக்கல்லில் கோழி இறகுக்குப் பஞ்சமில்லை. நாட்டுச் சேவலின் கழுத்து இறகு கிடைத்தால் இன்னும் விசேஷம். காற்று அடங்கிய மார்கழிக் காலையில், வாய்க்கால் ஓரம் ஜிலேபி மேலே வந்து வாய் வைக்கும் நேரத்தில், இந்த ஐம்பது ரூபாய் ஏற்பாட்டுக்கு எந்தப் பெரிய ராடும் பக்கத்தில் நிற்க முடியாது.

எங்கே போவதானாலும் கேட்டுக்கொண்டு போங்கள். ஏரிகள் பல குத்தகையில் இருக்கும். மேட்டூர் அணையில் மீன்பிடிக்க மீன்வளத்துறையின் உரிமம் உண்டு. கதவணைக்குக் கீழே நிற்பவர்கள் தண்ணீர் எப்போது ஏறும் என்பதில் கண்ணாக இருக்க வேண்டும். அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். மேய வரும் ஆட்டின் காலிலும் கொக்கின் காலிலும்தான் போய்ச் சுற்றும். பாக்கெட்டில் போட்டு வந்து துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "அண்ணா, 0.25 ஒண்ணு, 0.35 ஒண்ணு, உள்ள இருந்து எடுத்துக் குடுங்க" என்று கேளுங்கள். விரால் ஆசை இருந்தால் நான்கு இழைப் பின்னலில் ஒரு சின்னச் சுருள். மிச்சக் காசுக்கு ஒரு கைவலை.